புடலங்காய்க்குக் காவல் நின்ற லேசர்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் தம்பிக்குக் கடிதமும் கடைக்குச் சாமான் துண்டும்தான். போன வீட்டில் தண்ணீர் கேட்கவும் கூச்சப்பட்டு, தாகத்தோடு திரும்பி வருகிற ஆள். ஆனால் லேசர் டயோட் சூடான கதையை இவர், அதாவது என் வீட்டுக்காரர், போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறார். அவர் சொல்லும்போது அதில் புடலங்காய் வருவதே இல்லை. மானும் ஓரிடத்தில்தான் வருகிறது. அந்தக் குறைக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானத்தில் பிழை இருந்தால் இவரிடம் கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார், ஆனால் நீங்கள் வீடு போய்ச் சேரப் பொழுதுபட்டுவிடும்.

எங்கள் வீடு உள்துறைமுகத்துக்குப் போகிற வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. இவருக்குத் துறைமுகத்தில் மின்சார வேலை. வேலை முடிந்து வந்தால் முன்னறையில் ரேடியோ திருத்துவார். எனக்குச் சமைக்கக் குசினியும் கொடி நடப் பின்வளவும். பின்வளவில் புடலங்கொடி போட்டிருந்தேன்.

எங்கள் ஊர் மான்களைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மான்கள் கோட்டைப் பக்கம் படுத்தெழும்பி, பகலில் ஊருக்குள் வந்து திரியும். மாடு திரிவதுபோலத்தான். பஸ் நிலையத்தில் நிற்கும், சந்தையில் வாழைப்பழத் தோல் தின்னும், கடதாசியும் தின்னும். அரசாங்கக் கந்தோர் வாசலில் ஒருவர் கையில் வைத்திருந்த விண்ணப்பத்தை ஒரு மான் தின்றுவிட்டதாம். "உள்ளுக்குக் குடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனாராம். யாரும் அவற்றை அடிக்க மாட்டார்கள். அது அவற்றுக்கும் தெரியும்.

புடலங்காய் வளர்த்தவர்களுக்குத் தெரியும், பிஞ்சிலேயே நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் பாம்புபோல் சுருண்டுவிடும். கல் கட்டினால் நூல் பிடித்ததுபோல் நேராக இறங்கும். முதல் வருஷம் எனக்கு ஒரு காய் என் கழுத்தளவு நீளத்துக்கு வந்தது. வெட்டுவதற்கு முதல் நாள் பதினொரு மணிபோல் நான் குசினியில் நின்ற நேரம் மான் வந்து முழுவதையும் தின்றுவிட்டது. கல்லை மட்டும் கயிற்றோடு நிலத்தில் விட்டிருந்தது.

அந்தக் காயைச் சமைப்பதற்காக நான் வளர்க்கவில்லை. புதுவருஷத்தை ஒட்டி எங்கள் பகுதிப் பள்ளிக்கூட மண்டபத்தில் மரக்கறிப் போட்டி வைப்பார்கள். நீளமான நேரான புடலங்காய்க்கு ஒரு மேசை. ஒவ்வொரு காய்க்கும் முன்னால் ஓர் அட்டை. அட்டையில் வளர்த்தவரின் பெயர். அந்த அட்டையில் என் பெயர் இருக்க வேண்டும். நான் மண்டபத்தின் கடைசி மூலையில் நின்று, யாரோ ஒருத்தியின் பெயரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். காயை முதலே வெட்டி அறைக்குள் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். காம்பை நகத்தால் அமத்திப் பார்ப்பார்கள். அன்று காலை வெட்டியதாக இல்லாவிட்டால் மேசையில் வைக்கவே விடமாட்டார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி ஒரு காய் நன்றாக இறங்கத் தொடங்கியது. போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது. வேலியை உயர்த்திப் பார்த்தோம். மான் பாய்ந்து வந்தது; காய் அப்போது அதற்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் தப்பியது. பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கிக் கட்டினோம். அது மானோடு சேர்ந்து நிழலில் படுத்தது. ஒரு லீவு நாளில் இவர் கதிரை போட்டுக் காவல் இருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது கதிரையில் இவர் நித்திரை. மான் இவருடைய பேப்பரைத் தின்றுகொண்டு நின்றது.

அப்போதுதான் கப்பலில் வேலை செய்யும் என் தம்பி விடுமுறையில் வந்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் ரேடியோச் சாமான் விற்கும் தெருவில் வாங்கியதென்று ஒரு சின்ன டப்பாவை இவரிடம் கொடுத்தான். உள்ளே பஞ்சில் சுற்றி மூன்று சாமான். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, பொன்நிறம், பின்னால் கம்பி. கூடவே, வெளிச்சத்தை உணருகிற கண் என்று ஒன்று. நாலாக மடித்த இங்கிலீஷ் கடதாசி ஒன்று.

"லேசர் டயோட் அத்தான்" என்றான் தம்பி. "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வரும். இஞ்சயிருந்து அங்க கயிறு கட்டினமாதிரிப் போகும். இடையில ஆரும் பூந்தா மணி அடிக்கும்."

"கண்ணுக்குத் தெரியாதெண்டா அது என்ன வெளிச்சம்?" என்று நான் கேட்டேன்.

"அக்கா, உமக்கு விளங்காது."

"உனக்கு விளங்குதோ?"

"எனக்கும் விளங்காது. வித்தவன் சொன்னவன்."

இவருக்கு இரண்டு பேருடைய கதையும் காதில் விழவில்லை. டப்பாவைக் கையில் வாங்கியவரின் முகம் கலியாண நாளில்கூட அப்படி இருக்கவில்லை. அகராதியை எடுத்துக் கடதாசியை வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் முடிவதற்குள் பொறுமை போய்விட்டது. ஒரு டயோட்டை எடுத்துக் கார் பற்றரியில் நேரே தொட்டார்.

ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். இவர் கண்ணுக்குக் கிட்டவும் பிடித்துப் பார்த்தார்.

"வேலை செய்யுதோ?" என்றேன்.

"செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம். தெரியாத வெளிச்சமல்லோ."

நான் விரல் வைத்தேன். இடியப்பத் தட்டுப்போல் சுட்டது. கையை உதறிக்கொண்டு, "வெளிச்சம் வருகுதோ இல்லையோ, சூடு நல்லா வருகுது" என்றேன்.

பிறகு கடதாசியின் மிச்சத்தை வாசித்தார். பற்றரியில் நேரே தொட்டால் கண்மூடித் திறப்பதற்குள் செத்துவிடும் என்று இருந்தது. ஒரு துளி நேரம் கரண்ட் கொடுத்து, பிறகு ஆறவிட்டு, மறுபடி ஒரு துளி கொடுக்க வேண்டுமாம். கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது என்பது கடைசி வரியில் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாளாக இவர் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் சுவர்க் கலண்டரைப் பார்ப்பதும், கண்ணை மாற்றிப் பார்ப்பதுமாகத் திரிந்தார். கடவுள் புண்ணியத்தில் இரண்டு கண்ணிலும் ஒரே தேதிதான் தெரிந்தது.

இரண்டாவது டயோட்டுக்கு ஒழுங்காகப் பெட்டி செய்தார். துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் விடும் சாமான்கள், முன்னால் ஒரு பூதக்கண்ணாடி. புடலம்பந்தலின் ஒரு மூலையில் அது. மற்ற மூலையில் கண்ணும் மணியும். வெளிச்சம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தால் மணி பேசாமல் இருக்கும். வெளிச்சம் நின்றால் மணி அடிக்கும். தெரியாத வெளிச்சத்தைத் தெரியாத இடத்திலிருந்து இன்னொரு சின்னக் கண்ணுக்குக் குறிவைப்பதற்கு ஒரு காலை முழுவதும் போனது.

"இல்லை அத்தான். இல்லை. இல்லை. ஆ, இப்ப."

"இப்பவோ?"

"இப்பப் போச்சு."

"நான் அசையேல்லையே."

"மூச்சு விட்டிருப்பீங்கள்."

ஒருவழியாகச் சரிவந்தது. இவர் குறுக்கே கையை நீட்டினார், மணி அடித்தது. தம்பி காலை நீட்டினான், அடித்தது. என்னையும் வந்து ஏதாவது நீட்டும்படி சொன்னார். அகப்பையை நீட்டினேன். அடித்தது.

அடுத்த நாள், போட்டிவரைக்கும் லீவு போட்டுவிட்டு இவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலையெல்லாம் மணி பேசவில்லை. பதினொரு மணிக்கு அடிக்கத் தொடங்கியது. இவர் முன்வாசலால் ஓடினார், தம்பி கிணற்றடியால் ஓடினான். நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் தோல் போட்ட சட்டியோடு அப்படியே ஓடினேன். வளவுக்குள் ஒரு மானும் இல்லை. ஒழுங்கைக்கு அங்கால் இரண்டு நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. வந்ததுதான் வந்தேன் என்று சட்டியிலிருந்த தோலை வேலிக்கு அப்பால் கொட்டிவிட்டுத் திரும்பினேன்.

இவர் பெட்டியில் கரண்டைக் கூட்டும் குமிழைத் திருகினார். மணி நின்றது. கால் மணித்தியாலத்தில் மறுபடி அடித்தது. மறுபடி திருகினார். அதற்கு அடுத்த நாளும் சொல்லிவைத்ததுபோல் பதினொரு மணிக்கு அடித்தது. எங்கள் மூன்று பேருடைய ஓட்டமும் என்னுடைய சட்டியும் முதல் நாள்போலவே. மணி நிற்கிற நேரமும் குமிழ் திருகுகிற தூரமும் வரவர மோசமாகி, இரண்டரை மணிக்குக் குமிழ் கடைசிவரை போய்விட்டது. மணி நிற்காமல் அடித்தது. டயோட் செத்துவிட்டது.

இவர் கதிரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போனேன்.

"விளங்கிப்போட்டுது" என்றார். "பத்துக் கரண்டி கரண்ட் ஊத்தினா இது அரைக் கரண்டியும் வெளிச்சமாத் தராது. மிச்சமெல்லாம் சூடு. வெயிலும் ஏறச் சூடு கூடும். சூடு கூடினா வெளிச்சம் தொடங்கிறதுக்கே இன்னும் கூடக் கரண்ட் வேணும். நான் கூடக் குடுத்தன். அது இன்னும் சூடாகிச்சுது. அதுக்கு இன்னும் கூடக் குடுத்தன்."

"உங்கட பெரியப்பா மாதிரி" என்றேன். "தின்னத் தின்ன வேலை குறையும். வேலை குறைஞ்சிட்டுதெண்டு நாங்கள் இன்னும் போடுவம்."

அவர் சிரிக்கவில்லை. "ஒண்டுதான் மிச்சம்" என்றார்.

எனக்கும் ஒன்றுதான் மிச்சம். அது பந்தலில் தொங்கியது. போட்டிக்கு நாலு நாள்.

மூன்றாவது டயோட்டின் சூட்டை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பேச்சு. டயோட்டைப் பெரிய உலோகத் தகட்டோடு இறுக்கினால் சூடு தகட்டுக்குப் போய்ப் பரவிவிடும் என்று கடதாசியில் இருந்ததாம். இவர் வீடு முழுக்கத் தகடு தேடினார். குசினிக்குள் வந்து நின்று என் அலுமினியச் சோற்றுப் பானையின் மூடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது என்ர மூடி" என்றேன்.

"நாலு நாளைக்குத்தான்."

"நடுவில துளை போட்டா நாலு நாளில மூடிக்கொள்ளுமோ?"

மூடி போனது. சோற்றுப் பானையை அம்மிக் குழவி வைத்த ஒரு தட்டால் மூடிச் சமைத்தேன். டயோட்டுக்கும் மூடிக்கும் இடையில் காற்று நின்றால் சூடு கடக்காது, ஏதாவது களிம்பு பூச வேண்டும் என்றார். அந்தக் களிம்பு எங்கள் ஊரில் எங்கே. தம்பி நெய் என்றான். கப்பலில் அப்படித்தான் செய்வார்களா என்று கேட்டேன். கப்பலில் நெய் இல்லை, இருந்திருந்தால் செய்திருப்பார்கள் என்றான். நெய் பூசினார்கள். காலை பத்து மணிவரை சரியாக இருந்தது. பிறகு எறும்பு வந்தது. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. ஊரில் உள்ள எறும்பெல்லாம் பூதக்கண்ணாடியின்மேல் வரிசையாக நடந்தன. மணி அடித்தது. ஓடினோம். நான் சட்டியோடு ஓடினேன்.

அடுத்த நாள் ஐஸ். கிண்ணியாவிலிருந்து மீன் விற்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம், சைக்கிளில் மீன்பெட்டி கட்டி எங்கள் ஒழுங்கைக்கு வருவார். மீனுக்குப் போட்ட ஐஸ் கொஞ்சம் தர முடியுமா என்று இவர் கேட்டார்.

"ஆருக்கும் காய்ச்சலோ?" என்றார் நானா.

"ஓம், லேசருக்கு."

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "தங்கச்சி, இவர வெயில்ல கனநேரம் நிக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெரிய துண்டு ஐஸை வாழையிலையில் வைத்துத் தந்தார்.

மூடியின் பின்பக்கம் ஐஸைக் கட்டினார்கள். மூடி கடும் குளிராகிவிட்டது. குளிர்ந்த கண்ணாடியில் வேர்வைபோல் நீர் பூத்தது. வெளிச்சம் கலங்கியது, மணி அடித்தது. துடைத்தால் நிற்கும், பிறகும் பூக்கும். தம்பி துடைக்கவென்றே பக்கத்தில் துணியோடு குந்தியிருந்தான். இதற்குள் ஐஸிலிருந்த சூரை மீன் வாசத்துக்கு ஒழுங்கைப் பூனைகள் வரத் தொடங்கின. மீனைத் தேடி வெளிச்சத்துக்குக் குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தன. அன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் முதல் தரம் சட்டியோடு போனேன். பிறகு போகவில்லை.

"அத்தான், ஒவ்வொரு பூனைக்கும் சரியா அடிக்குது" என்றான் தம்பி ஆறுதலாக.

அன்று பின்னேரம் இவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் காயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் நெற்றி அளவுக்கு வந்திருந்தது. இன்னும் இரண்டு நாள். பக்கத்தில் நின்று, "இது எத்தினை தரம் துடிக்குது?" என்று கேட்டேன்.

"செக்கனுக்கு ஆயிரம் தரத்துக்குக் கிட்ட. இந்தச் சாமான் அவ்வளவுக்குத்தான் தாங்கும். நான் முழுசா வைச்சிருக்கிறன்."

"ஏன் ஆயிரம்?"

"கூடத் துடிச்சாத்தானே காவல் பலம்."

"மான் என்ன, துவக்குக் குண்டு மாதிரிப் பறந்தோ வரப்போகுது?" என்றேன். "அது நடந்துதானே வரும். வேலி பாய்ஞ்சாலும், பாய்ஞ்சு நிண்டு, நாலு பக்கமும் பாத்து, காதை ஆட்டி, பிறகுதான் நடக்கும். செக்கனுக்குப் பத்துத் தரம் எட்டிப் பாத்தாக் காணாதோ? மிச்ச நேரம் அது ஆறட்டுமன்."

நான் அவ்வளவு நீளமாக ஒரேயடியாகப் பேசியது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இவர் என்னைப் பார்த்தார். தம்பி துணியைக் கீழே வைத்தான்.

"பத்துத் தரம்" என்றார் இவர். பிறகு, "பத்துத் தரம்" என்று இன்னொருக்காச் சொன்னார். ஒரு சாமானைக் கழற்றி வேறொன்றை ஒட்டினார். வெயிலுக்காக நான் இன்னொன்றும் சொன்னேன்: தண்ணீர்ப் பானை வைக்கிற ஈரமணலில் மூடியின் விளிம்பைப் புதைத்துவிட்டால் போதும், ஐஸும் வேண்டாம் நெய்யும் வேண்டாம், பானை அடியில் கைவைத்தால் எவ்வளவு குளிர் என்று தெரியும்தானே. ஒரு வாளி மணல் அள்ளி, நனைத்து, அப்படியே செய்தார்.

அடுத்த நாள் போட்டிக்கு முதல் நாள். காலை எட்டுக்கு மணி பேசவில்லை. ஒன்பதுக்குப் பேசவில்லை. பத்தரைக்கு வெயில் தகரக் கூரையில் வெடித்தது, அப்போதும் பேசவில்லை. இவர் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால் போய் மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையால் தொட்டார்.

"இஞ்ச வாரும், வந்து தொட்டுப் பாரும். சூடே இல்லை."

"வேலையாயிருக்கிறன்."

"ஒருக்கா வாருமன்."

நான் போய்த் தொட்டேன். உண்மையாகவே சூடில்லை. வெறும் மூடி மாதிரித்தான் இருந்தது. அதை என் சோற்றுப் பானைக்குத் திருப்பிக் கேட்க வாயெடுத்தேன். இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு நானா ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியால் எட்டினார்.

"தங்கச்சி, இண்டைக்கு மணி அடிக்கல்லயோ?"

"இல்லை நானா. இண்டைக்குச் சரி வந்திட்டுது" என்றார் இவர், எனக்காக.

"அப்ப இதுகளுக்கு ஆரும் சொல்லல்ல போல."

வேலிக்கு வெளியே பார்த்தேன். ஆறு மான்கள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு பெரிய கொம்பன். எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்துக் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றன.

"நாலஞ்சு நாளா நான் பாக்கன்" என்றார் நானா. "பதினொண்டுக்கு உங்கட மணி அடிக்கும். இந்தத் தங்கச்சி சட்டியோட ஓடி வந்து தோல் கொட்டும். முதல்ல ரெண்டுதான் நிண்டது. பிறகு மூணு. இப்ப சொந்தக்காரரையும் கூட்டி வந்திருக்கு."

வெயில் ஏற டயோட் சூடாகி மணி அடித்தது. மணி அடிக்க நான் சட்டியோடு ஓடினேன். மானை விரட்டுவதற்குப் பூட்டிய மணி நாலு நாளாக மானுக்குச் சாப்பாட்டு மணியாக இருந்திருக்கிறது. சூடு பிடித்து ஊரைக் கூட்டியது டயோட். விருந்து வைத்தவள் நான்.

நான் இவரிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இவர் நானாவுக்குப் பெட்டியைப் பற்றி விளக்கத் தொடங்கியிருந்தார். கொம்பனைப் பற்றிய கவலை இவருக்கு இல்லை.

"நானா, நீங்கள் நம்பமாட்டீங்கள். இவ்வளவு வெயிலுக்குள்ளயும் இது பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்குது. இப்ப பாருங்கோ, சும்மா கையை வைக்கிறன்."

"வைக்காதேங்கோ" என்றேன். என் குரல் எப்போதும் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது.

வைத்தார். மணி அடித்தது. அவ்வளவு நாளிலும் அடிக்காத மாதிரி, ஒரு கலக்கமும் இல்லாமல், கணீரென்று அடித்தது.

ஆறு மானும் வேலியைப் பாய்ந்தன.

"பாத்தீங்களோ, பாத்தீங்களோ" என்றார் இவர் நானாவைப் பார்த்து. தம்பி கிணற்றடியிலிருந்து வாளியைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தான். மான்கள் வாளிச் சத்தத்தை மணியின் பங்காளியாக எடுத்துக்கொண்டு இன்னும் கிட்ட வந்தன. ஒரு சின்ன மான் பந்தலுக்குள் நுழைந்து, கல் தொங்கிய கயிற்றை மணந்து பார்த்து, காயின் நுனியில் வாயை வைத்தது.

கத்தத் தெரிந்தவளாக இருந்தால் கத்தியிருப்பேன். எனக்கு வரவில்லை. குசினிக்குள் ஓடினேன். மத்தியானத்துக்கு வெட்டிவைத்த பூசணித் தோல், வாழைக்காய்த் தோல், கழித்த முருங்கையிலைக் காம்பு எல்லாம் சட்டியில் இருந்தன. ஆறு மானுக்கும் அது காணாது என்று பட்டது. கறிக்கு வெட்டி வைத்த பூசணியையும் அதற்குள் கொட்டினேன். சட்டியோடு பந்தலடிக்குப் போய்ச் சின்ன மானின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அது புடலங்காயை விட்டது. நான் பின்னால் ஓரடி வைத்தேன். அது முன்னால் ஓரடி வைத்தது. மற்ற ஐந்தும் திரும்பிப் பார்த்தன.

படலையைத் திறந்து வெளியே நடந்தேன். ஆறும் பின்னால் வந்தன.

ஒழுங்கையிலேயே கொட்டியிருக்கலாம். ஆனால் கொட்டினால் தின்றுவிட்டு மறுபடி வரும். ஆகவே ஒழுங்கையைக் கடந்து பெரிய வீதியில் ஏறினேன். ஒரு பத்தடிக்கு ஒரு துண்டு போட்டுப் போட்டு நடந்தேன். தலைமயிர் கலைந்து கிடந்தது, கையில் பூசணிச் சாறு, காலில் செருப்பில்லை. பஸ் ஒன்று எனக்காக நின்றது. யன்னலால் தலைகள் நீண்டன.

"அக்கா, பொம்பிளை வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ?" என்று ஒருவன் கேட்டான்.

"விடு, தாலி கட்டுற நேரம் தப்பிடும்" என்றான் இன்னொருவன்.

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பி வழிவிட்டார்கள். பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி ஒரு லொறியை மறித்து எங்களை வீதி கடக்கவிட்டார். என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னை ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. நான் சட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். நாலு துண்டு மிச்சமிருக்கும்போது கோட்டைப் பக்கத்துப் புல்வெளியான முற்றவெளி வந்துவிட்டது. சட்டியைப் புல்லில் கவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேறு ஒழுங்கையால் வீட்டுக்கு வந்தேன். சட்டியை அங்கேயே விட்டுவிட்டேன்.

வந்தபோது இவர் இன்னும் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார். நானா போயிருந்தார். புடலங்காய் தொங்கியது. நுனியில் இரண்டு பல் பதிந்திருந்தது. மற்றப்படி முழுதாக இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"ஆறு மானும் வந்ததைச் சரியாச் சொல்லிப்போட்டுது, பாத்தீரோ" என்றார் இவர். "உச்சி வெயிலுக்குள்ள."

"ஓம்" என்றேன். "வரச் சொன்னதும் அதுதான்."

அவர் யோசித்தார். "மணியைக் கழட்டட்டோ?"

"கழட்டுங்கோ. பெட்டி கிடக்கட்டும். வெளிச்சம் போகட்டும். அது ஆருக்கும் தெரியாதுதானே."

மணியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். பின்னேரம்வரை டயோட் மணலுக்குள் குளிர்மையாக இருந்து, செக்கனுக்குப் பத்துத் தரம் ஒன்றும் இல்லாத இடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். நானும் ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டுப் பந்தலுக்குக் கீழே இருந்தேன். அன்று பூசணிக் கறி இல்லை, பருப்பும் சோறும்தான்.

மறுநாள் காலை காயை வெட்டி, பழைய சேலையில் சுற்றி, நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். மூன்றாம் இடம் கிடைத்தது. அட்டையில் என் பெயர் இருந்தது. பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.